443-ல் நின்ற ஆட்டம்: 1948-ல் புனேயில் நிம்பால்கருக்கு என்ன நடந்தது?

ஒரு சின்ன க்விஸ். முதல்தர கிரிக்கெட்டில் ஒரே இன்னிங்ஸில் அதிக ரன் எடுத்த இந்தியர் யார்?

சேவாக்? லட்சுமண்? கருண் நாயர்? ரஞ்சி டிராஃபியை விடாமல் பார்ப்பவர் என்றால், 2023-ல் அசாமுக்கு எதிராக 379 எடுத்த பிரித்வி ஷா பெயரைச் சொல்லியிருப்பீர்கள். யாருமே இல்லை. விடை, பாவுசாஹேப் பாபாசாஹேப் நிம்பால்கர். எடுத்த ரன் 443, அவுட் இல்லை. ஆடிய இடம் புனே. ஆண்டு 1948.

அப்போது முதல்தர கிரிக்கெட்டின் உலக சாதனை 452. வைத்திருந்தவர் டான் பிராட்மன். நிம்பால்கருக்கு அதைத் தொட 9 ரன், தாண்ட 10 ரன். அவரிடம் நேரம் இருந்தது, கையில் விக்கெட் இருந்தது, ஃபார்மும் இருந்தது. எதிரணிதான் இல்லை. அவர்கள் மைதானத்தை விட்டே போய்விட்டார்கள்.

இது எப்படி நடந்தது? விதிப்படி இதைச் செய்யலாமா? யார் பக்கம் நியாயம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

யார் இந்த நிம்பால்கர்?

1919 டிசம்பர் 12 அன்று கோலாப்பூரில் பிறந்தவர். வலதுகை பேட்ஸ்மேன். தேவைப்பட்டால் பந்து வீசுவார், தேவைப்பட்டால் விக்கெட் கீப்பிங்கும் செய்வார். இன்றைய மொழியில் சொன்னால் ஒரு ‘ஆல் இன் ஆல்’. மகாராஷ்டிரா தவிர பரோடா, ஹோல்கர், ரயில்வேஸ் அணிகளுக்கும் ஆடினார்.

மொத்தம் 80 முதல்தர ஆட்டங்கள். 4,841 ரன்கள். சராசரி 47.93. பந்துவீச்சில் 58 விக்கெட்டுகள். இந்தக் கணக்கைப் பார்த்தாலே தெரியும், ஒரே ஒரு நாள் அதிர்ஷ்டம் அடித்து 443 எடுத்தவர் இல்லை. வருஷக்கணக்கில் ரன் எடுத்துக்கொண்டே இருந்தவர்.

ஆனால் இந்தியாவுக்காக ஒரு அதிகாரப்பூர்வ டெஸ்ட் கூட ஆடவில்லை. காமன்வெல்த் அணிக்கு எதிராக ஒரு அதிகாரப்பூர்வமற்ற டெஸ்ட் ஆடியதோடு சரி. டெஸ்ட் ஆடாத ஒருவர் எடுத்த மிக அதிகமான முதல்தர ஸ்கோர் என்ற விசித்திரமான பெருமையும் இந்த 443-க்கு உண்டு.

ஆட்டத்தில் என்ன நடந்தது?

1948 டிசம்பர் 16. புனே கேம்ப் பகுதியில் உள்ள பூனா கிளப் மைதானம். ரஞ்சி டிராஃபியில் மகாராஷ்டிராவும் கத்தியவாரும் மோதின. கத்தியவார் என்றால் இன்றைய குஜராத்தின் சௌராஷ்டிரா பகுதி. இப்போது ஜடேஜா, புஜாரா, உனாத்கட் என்று நாம் பேசும் சௌராஷ்டிரா அணியின் முன்னோடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கத்தியவார் முதலில் பேட் செய்து 238-க்கு ஆல் அவுட். பிறகு மகாராஷ்டிரா பேட்டிங் தொடங்கியது. தொடங்கியது என்று சொல்லலாம், முடிந்தது என்று சொல்ல முடியாது.

இரண்டாவது விக்கெட்டுக்கு கமல் பண்டார்கரும் நிம்பால்கரும் சேர்ந்து 455 ரன் சேர்த்தார்கள். பண்டார்கர் 205-ல் அவுட் ஆனார். நிம்பால்கர் நின்றார். ஆட்டத்தின் மூன்றாம் நாளில், மகாராஷ்டிரா 4 விக்கெட்டுக்கு 826 என்று இருந்தபோது, அவர் கணக்கில் 443 ரன்.

அந்த 443-ஐக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். 494 நிமிடங்கள், அதாவது எட்டே கால் மணி நேரம் க்ரீஸில். 49 ஃபோர், ஒரே ஒரு சிக்ஸ். பவுண்டரிகளில் வந்தது 202 ரன். மீதி 241 ரன்னும் ஓடி எடுத்தவை. பார்ட்னர்களுக்காக ஓடியது தனி. ஹெல்மெட் இல்லாத காலம், நாள்கணக்கில் வெயில்.

இன்னொரு கணக்கு. அணி எடுத்த 826-ல் பாதிக்கும் மேல் இவர் ஒருவருடையது. எதிரணி பதினோரு பேரும் சேர்ந்து எடுத்ததைவிட இவர் மட்டும் 205 ரன் அதிகம் எடுத்திருந்தார்.

அந்த 9 ரன் ஏன் அவ்வளவு முக்கியம்?

பிராட்மன் 452 எடுத்தது 1930 ஜனவரியில், சிட்னியில். நியூ சவுத் வேல்ஸ் அணிக்காக, குயின்ஸ்லாந்துக்கு எதிராக. அப்போது அவருக்கு வயது 21. எடுத்துக்கொண்ட நேரம் 415 நிமிடங்கள். அந்த உலக சாதனைக்கு 1948-ல் வயது கிட்டத்தட்ட 19.

இந்தியா சுதந்திரம் அடைந்து 16 மாதங்கள்தான் ஆகியிருந்தன. இந்திய அணி டெஸ்ட் கிரிக்கெட்டில் ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. உலக கிரிக்கெட்டில் இந்தியர் யாரும் ‘நம்பர் 1’ என்று காட்ட முடியாத காலம். அப்படிப்பட்ட நேரத்தில் பிராட்மனின் பெயருக்கு மேலே கோலாப்பூர்க்காரர் ஒருவரின் பெயர் வந்திருக்கும். ஒன்றிரண்டு ஓவர் போதும். அவ்வளவு பக்கத்தில் இருந்தது.

இடைவேளையில் என்னாச்சு?

இங்கேதான் கதை திரும்புகிறது.

மூன்றாம் நாள் இடைவேளை. கத்தியவாரின் கேப்டன் ராஜ்கோட்டின் தாக்கோர் சாஹேப், அதாவது அந்த சமஸ்தானத்தின் அரசர். அவர் மகாராஷ்டிர கேப்டன் ராஜா கோகலேயிடம் போய், போதும், டிக்ளேர் செய்யுங்கள், இல்லையென்றால் நாங்கள் கிளம்புகிறோம் என்று சொன்னார்.

கோகலே ஒரு சமரசம் பேசிப் பார்த்ததாகச் சொல்வார்கள். ஓரிரு ஓவர் மட்டும் கொடுங்கள், நிம்பால்கர் சாதனையைத் தாண்டியதும் டிக்ளேர் செய்துவிடுகிறோம் என்று. தாக்கோர் சாஹேப் ஒப்புக்கொள்ளவில்லை. இடைவேளை முடிந்தது, கத்தியவார் அணி களத்துக்கு வரவில்லை. ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டார்கள். மகாராஷ்டிரா வெற்றி.

ஸ்கோர் புத்தகத்தில் நிம்பால்கர் பெயருக்கு எதிரே 443, நாட் அவுட். இன்றுவரை அப்படியே இருக்கிறது.

பின்னர் பிராட்மனிடமிருந்து நிம்பால்கருக்கு ஒரு பாராட்டுக் குறிப்பு வந்ததாகவும், தன்னுடைய 452-ஐவிட இந்த இன்னிங்ஸ் மேலானது என்று அதில் பிராட்மன் சொல்லியிருந்ததாகவும் கிரிக்கெட் எழுத்தாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

கத்தியவார் பக்கம் ஏதாவது நியாயம் உண்டா?

உடனே தாக்கோர் சாஹேபை வில்லன் ஆக்கிவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அவர் இடத்திலிருந்தும் யோசித்துப் பார்ப்போம்.

ரஞ்சியில் ஒரு விதி உண்டு. ஆட்டம் முழுதாக முடியாமல் போனால், முதல் இன்னிங்ஸில் யார் முன்னிலை பெற்றார்களோ அவர்களே அடுத்த சுற்றுக்கு. மகாராஷ்டிரா 238-ஐத் தாண்டிய நிமிடமே அந்த முன்னிலை கிடைத்துவிட்டது. முன்னிலை 588 ஆகும் வரை பேட் செய்தால், கத்தியவாருக்கு மிஞ்சுவது என்ன? ஜெயிக்க வழியே இல்லை. பந்தைப் பொறுக்கிப் போடும் வேலை மட்டும்தான். ஆட்டத்தின் முடிவுக்கும் அந்தக் கடைசி ஓவர்களுக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு தனிமனிதரின் எண்ணுக்காக நாங்கள் ஏன் வெயிலில் நிற்க வேண்டும் என்று ஒரு கேப்டன் கேட்டால், அது முழுக்க அநியாயமான கேள்வி இல்லை.

இன்னொன்று, மானம். உலக சாதனைப் பட்டியலில் பேட்ஸ்மேனின் பெயரோடு எதிரணியின் பெயரும் ஒட்டிக்கொண்டு வரும். பிராட்மன் என்றால் குயின்ஸ்லாந்து. கத்தியவார் அந்த இடத்தில் நிற்க விரும்பவில்லை.

அந்த ஆண்டையும் கவனிக்கணும். 1948 பிப்ரவரியில்தான் கத்தியவார் சமஸ்தானங்கள் எல்லாம் ஒன்றாக இணைக்கப்பட்டு ஒரே மாநிலமாக ஆக்கப்பட்டன. தாக்கோர் சாஹேபுக்குப் பட்டம் இருந்தது, ஆட்சி போய்விட்டது. அதற்கும் பூனா கிளப் முடிவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் ‘நான் சொன்னால் நடக்கும்’ என்று வளர்ந்த ஒருவர் அணித் தலைவராக இருந்த காலம் அது என்பதை மறந்துவிட்டு இந்தச் சம்பவத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

இவ்வளவும் சொன்ன பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. ஏறக்குறைய எட்டு மணி நேரம் பொறுத்தவர்களுக்கு இன்னும் சில நிமிடங்கள் பொறுக்க முடியவில்லையா? தன் சாதனைக்காக நிம்பால்கர் எதிரணியைச் சிறுமைப்படுத்தவில்லை. அவர் வேலையை அவர் பார்த்தார். அவரை அவுட் ஆக்க வேண்டியது கத்தியவாரின் வேலை. அதைச் செய்ய முடியாததால் ஆட்டத்தையே நிறுத்திவிட்டார்கள்.

முரண் என்னவென்றால், சாதனைப் பட்டியலில் இடம் வேண்டாம் என்று போன கத்தியவாரின் பெயர் இன்று பேசப்படுவதே அந்த வெளிநடப்பினால்தான். ஆடியிருந்தால், இன்னொருவர் சாதனையை முறியடித்த அன்றே பாதி மறந்திருப்பார்கள்.

விதி என்ன சொல்கிறது?

சுருக்கமாக மூன்று விஷயம்.

ஒன்று: டிக்ளேர் செய்யும் உரிமை பேட்டிங் அணியின் கேப்டனுக்கு மட்டும்தான். ஃபீல்டிங் கேப்டன் கேட்கலாம், கெஞ்சலாம், கோபப்படலாம். கட்டாயப்படுத்த முடியாது.

இரண்டு: ஃபீல்டிங் அணி தோல்வியை ஒப்புக்கொள்ளலாம். ஆட மறுத்தால் அம்பயர்கள் ஆட்டத்தை எதிரணிக்குக் கொடுக்கலாம். ஆக, கத்தியவார் செய்தது விதிமீறல் இல்லை. விதி கொடுத்த கதவு வழியாகத்தான் வெளியே போனார்கள்.

மூன்று: ஆட்டம் அங்கே முடிந்தால் ஸ்கோரும் அங்கே முடியும். ‘இன்னும் ஆடியிருந்தால் எடுத்திருப்பார்’ என்பதற்கு எந்த ஸ்கோர் புத்தகத்திலும் இடம் கிடையாது.

இப்படிக் களத்துக்கு வர மறுப்பது கிரிக்கெட்டில் ரொம்ப அபூர்வம். டெஸ்டில் பிரபலமான உதாரணம் 2006 ஆகஸ்ட், லண்டன் ஓவல் மைதானம். பந்தைச் சேதப்படுத்தியதாக அம்பயர்கள் சொன்னதைக் கண்டித்து, டீ இடைவேளைக்குப் பிறகு பாகிஸ்தான் குறித்த நேரத்தில் வரவில்லை. ஆட்டம் இங்கிலாந்துக்குக் கொடுக்கப்பட்டது. அங்கே காரணம் ஒரு குற்றச்சாட்டு. புனேயில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை, ரன் மட்டும்தான்.

யாரும் அதிகம் பேசாத ஒரு விஷயம்

நிம்பால்கர் பிராட்மனின் சாதனையைத் தவறவிட்டார் என்றுதான் எல்லோரும் எழுதுவார்கள். ஆனால் அதே இன்னிங்ஸில் பிராட்மன் பங்கு வைத்திருந்த இன்னொரு சாதனையை அவர் உடைத்தார்.

1934-ல் ஓவல் டெஸ்டில் பில் பொன்ஸ்ஃபோர்டும் பிராட்மனும் இரண்டாவது விக்கெட்டுக்கு 451 ரன் சேர்த்தார்கள். முதல்தர கிரிக்கெட்டில் அந்த விக்கெட்டுக்கு அதுவே உச்சம். பண்டார்கரும் நிம்பால்கரும் சேர்த்தது 455. நான்கு ரன் அதிகம். 1974-ல் இங்கிலாந்தில் வார்விக்‌ஷைர் அணிக்காக ஜான் ஜேம்சனும் ரோஹன் கன்ஹாயும் 465 சேர்க்கும் வரை, கால் நூற்றாண்டுக்கு, இந்த உலக சாதனை பூனா கிளப் மைதானத்தின் பெயரில்தான் இருந்தது.

கிடைக்காத 9 ரன்னைப் பற்றியே பேசி, கிடைத்த 455-ஐ நாம் விட்டுவிட்டோம்.

அந்தக் காலத்தில் ரன் எடுப்பது அவ்வளவு ஈஸியா?

நியாயமான சந்தேகம். 1940-களில் இந்திய உள்ளூர் கிரிக்கெட்டில் ரன் மழைதான். 1943-44-ல் விஜய் மெர்ச்சன்ட் 359. 1947 ரஞ்சி இறுதிப் போட்டியில் பரோடாவுக்காக விஜய் ஹசாரேவும் குல் முகமதுவும் சேர்ந்து ஒரே பார்ட்னர்ஷிப்பில் 577. புனேயிலேயே 1949 மார்ச்சில் பம்பாயும் மகாராஷ்டிராவும் மோதிய ரஞ்சி அரையிறுதியில் இரு அணிகளும் சேர்ந்து 2,376 ரன் எடுத்தன. பம்பாய் 651, 714. மகாராஷ்டிரா 407, 604. ஒரே முதல்தர ஆட்டத்தில் எடுக்கப்பட்ட அதிகபட்ச மொத்தம் இது. நான்காவது இன்னிங்ஸில் 604 எடுத்தும் மகாராஷ்டிரா 354 ரன் வித்தியாசத்தில் தோற்றது.

பிட்ச்கள் பேட்ஸ்மேன்களுக்குச் சாதகமாக இருந்தன. முதல் இன்னிங்ஸ் முன்னிலை விதியும் நீண்ட பேட்டிங்கை ஊக்குவித்தது. ஆனால் அதே பிட்ச்சில், அதே விதியில் ஆடிய அத்தனை பேரிலும் 400-ஐத் தாண்டியவர் ஒருவர்தான். இன்றுவரை இந்தியாவில் வேறு யாரும் தாண்டவில்லை. 1988-89-ல் கோவாவுக்கு எதிராக தமிழ்நாட்டின் டபிள்யூ.வி. ராமன் 313, அர்ஜன் கிருபால் சிங் 302 நாட் அவுட் என்று ஒரே இன்னிங்ஸில் இரண்டு முச்சதம் அடித்து அணி 912 எடுத்தபோதுகூட, 443 பக்கத்தில் யாரும் போகவில்லை.

அந்த வருஷமே அப்படித்தான்

1948-49 முழுக்கவே ‘ஜஸ்ட் மிஸ்’ காலம் போல. கணக்கைப் பாருங்கள்.

ஆகஸ்ட் 1948, லண்டன். பிராட்மனின் கடைசி டெஸ்ட் இன்னிங்ஸ். 4 ரன் எடுத்திருந்தால் டெஸ்ட் சராசரி சரியாக 100. பூஜ்யத்தில் அவுட். 99.94 என்று நின்றது. யாருடைய சாதனையை நிம்பால்கர் 9 ரன்னில் தவறவிட்டாரோ, அவரே நான்கு மாதம் முன்பு 4 ரன்னில் தவறவிட்டிருந்தார்.

ஜனவரி 1949, நம்ம சேப்பாக்கம். வெஸ்ட் இண்டீஸின் எவர்டன் வீக்ஸ் தொடர்ந்து ஐந்து டெஸ்ட் இன்னிங்ஸில் சதம் அடித்துவிட்டு, ஆறாவதை நோக்கிப் போனார். 90-ல் ரன் அவுட்.

பிப்ரவரி 1949, பம்பாய். அதே தொடரின் கடைசி டெஸ்ட். இந்தியா ஜெயிக்க 361 தேவை. ஹசாரே 122 அடித்தார். கடைசியில் 8 விக்கெட்டுக்கு 355, ஃபட்கர் களத்தில் நிற்கிறார். நேரம் இன்னும் மிச்சமிருக்கும்போதே, ஓவரில் ஒரு பந்து பாக்கி இருக்கும்போதே, அம்பயர் பெய்ல்ஸை எடுத்துவிட்டார். ஆட்டம் டிரா. இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி 6 ரன்னில் நழுவியது. அந்த வெற்றிக்கு இன்னும் மூன்று வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1952 பிப்ரவரியில், அதே சேப்பாக்கத்தில், இங்கிலாந்துக்கு எதிராகக் கிடைத்தது.

நான்கு கதையிலும் வித்தியாசம் இருக்கிறது. பிராட்மனைப் பந்து வென்றது. வீக்ஸை ஃபீல்டிங் வென்றது. பம்பாயில் அம்பயரின் கணக்கு தவறியது. நிம்பால்கரிடம் மட்டும்தான் எதிரணி ‘ஆடமாட்டேன்’ என்றது.

443 எடுத்தும் ஏன் டெஸ்ட் கிடைக்கவில்லை?

அவர் 443 எடுத்த அதே டிசம்பரில் வெஸ்ட் இண்டீஸ் இந்தியாவில்தான் இருந்தது. டெஸ்ட் தொடர் நடந்துகொண்டிருந்தது. அப்படியும் அழைப்பு வரவில்லை.

இந்திய மிடில் ஆர்டரில் ஹசாரே, ரூசி மோடி, அமர்நாத், ஃபட்கர், அதிகாரி என்று கூட்டம் இருந்தது உண்மை. டெஸ்ட் ஆட்டங்களே குறைவு என்பதும் உண்மை. ஆனால் இந்த அளவு ரன் எடுத்த ஒருவருக்கு ஒரு டெஸ்டில்கூட இடம் இல்லாமல் போனதற்கு, இவையெல்லாம் சேர்ந்தாலும் முழு விளக்கம் ஆகாது.

ஆபீஸில் அப்ரைசல் நேரத்தில் இதே மாதிரி ஒன்றை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வேலை நம்பரில் தெரியும். வாய்ப்பு வேறொருவர் கையில் இருக்கும். நிம்பால்கர் விஷயத்தில் இரண்டு முறை அப்படி நடந்தது. சாதனை எதிரணி கேப்டன் கையில், டெஸ்ட் தொப்பி தேர்வுக்குழு கையில். அவர் கையில் இருந்தது பேட் மட்டும்.

பின்னாளில் பிசிசிஐ அவருக்கு சி.கே. நாயுடு வாழ்நாள் சாதனையாளர் விருது கொடுத்தது. 2012 டிசம்பர் 11 அன்று காலமானார். மறுநாள் அவருக்கு 93 வயது நிறைந்திருக்கும். அங்கேயும் ஒரு நாள் குறைந்தது.

உலகத்தில் வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கா?

பிராட்மனின் 452-ஐ முதலில் தாண்டியவர் பாகிஸ்தானின் ஹனீஃப் முகமது. 1959 ஜனவரி, கராச்சி. நாள் முடியப் போகிறது. ஸ்கோர்போர்டு 496 என்று காட்டுகிறது. உண்மையில் அவர் 498-ல் இருந்தார். ஸ்ட்ரைக்கைத் தக்கவைக்க இரண்டாவது ரன்னுக்கு ஓடினார். ரன் அவுட், 499. சரியான எண்ணைக் காட்டியிருந்தால் அவசரப்பட்டிருக்க மாட்டார். இருந்தாலும் உலக சாதனை கிடைத்தது. அதை 1994-ல் பிரையன் லாரா 501 எடுத்துத் தாண்டினார்.

அதே 1959-ல் அமெரிக்க பேஸ்பாலில் இன்னும் கொடுமையான ஒன்று நடந்தது. பேஸ்பால் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எளிதாகப் புரியும். அங்கே பந்து வீசுபவர் பிட்சர். ஓர் அணிக்கு 9 இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு 3 அவுட், மொத்தம் 27. அந்த 27 பேரையும் ஒருவரைக்கூட முதல் பேஸை எட்டவிடாமல் வெளியேற்றி ஜெயித்தால் அதற்குப் பெயர் ‘பெர்ஃபெக்ட் கேம்’. மிக அபூர்வம்.

1959 மே 26 அன்று பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் ஹார்வி ஹாடிக்ஸ், மில்வாக்கி பிரேவ்ஸுக்கு எதிராக 27 இல்லை, தொடர்ந்து 36 பேரை அப்படி வெளியேற்றினார். பிரச்சினை என்னவென்றால் அவர் அணியும் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. ஆட்டம் 9 இன்னிங்ஸில் முடியாமல் நீண்டது. 13-வது இன்னிங்ஸில் சக வீரரின் ஒரு தவறு, பிறகு ஜோ அட்காக் அடித்த ஒரே ஒரு ஷாட். பைரேட்ஸ் 0-1 என்று தோற்றது. 1991-ல் அமெரிக்க பேஸ்பால் அமைப்பு வரையறையை இறுக்கியபோது, அந்த ஆட்டம் சாதனைப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது.

ஹாடிக்ஸும் நிம்பால்கரும் ஒரே ரகம். இருவரும் தங்கள் பங்கைக் குறையில்லாமல் செய்தார்கள். பட்டியலில் முதலிடம் இருவருக்கும் இல்லை. ஆனால் பட்டியலில் இருக்கும் பலரைவிட இவர்களைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம்.

இன்று நடந்தால்?

எதிரணி வெளியேறும் வாய்ப்பு இன்று கிட்டத்தட்ட இல்லை. ஒளிபரப்பு, ஒப்பந்தம், அபராதம் என்று எல்லாம் குறுக்கே நிற்கும். இப்போது விவாதம் வேறு இடத்துக்கு மாறியிருக்கிறது: சொந்த கேப்டன் எப்போது டிக்ளேர் செய்ய வேண்டும்?

2004 முல்தான் டெஸ்ட் நினைவிருக்கிறதா? சச்சின் 194-ல் இருந்தபோது பொறுப்பு கேப்டன் டிராவிட் டிக்ளேர் செய்தார். இரட்டைச் சதத்துக்கு 6 ரன். இந்தியா அந்த டெஸ்டை ஜெயித்தது, விவாதம் இன்னும் ஓயவில்லை. 2019-ல் இதே புனேயில், கஹுஞ்சே மைதானத்தில், தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக விராட் கோலி 254-ல் இருந்தபடியே தானே டிக்ளேர் செய்தார். 2025 ஜூலையில் தென்னாப்பிரிக்காவின் வியான் முல்டர், ஜிம்பாப்வேக்கு எதிராக 367-ல் நின்றபடி டிக்ளேர் செய்தார். லாராவின் டெஸ்ட் சாதனையான 400-க்கு இன்னும் 33 ரன்தான். அந்தச் சாதனை லாராவிடமே இருக்கட்டும் என்றார்.

கோலிக்கும் முல்டருக்கும் அது சொந்த முடிவு. சச்சினுக்குத் தன் அணியின் முடிவு. நிம்பால்கருக்கு எதிரணியின் முடிவு. விட்டுக்கொடுப்பது வேறு, பறிக்கப்படுவது வேறு. இந்தச் சம்பவத்தை முல்டரோடு ஒப்பிடுபவர்கள் தவறவிடும் இடம் இதுதான்.

இப்போது பட்டியல் எப்படி இருக்கிறது?

முதல்தர கிரிக்கெட்டின் முதல் நான்கு ஸ்கோர்கள்:

1. பிரையன் லாரா – 501 நாட் அவுட் (1994)
2. ஹனீஃப் முகமது – 499 (1959)
3. டான் பிராட்மன் – 452 நாட் அவுட் (1930)
4. பாவுசாஹேப் நிம்பால்கர் – 443 நாட் அவுட் (1948)

அந்த 10 ரன் கிடைத்திருந்தால், நிம்பால்கர் பத்து வருஷம் உலக சாதனையாளராக இருந்திருப்பார். பிறகு ஹனீஃப் தாண்டியிருப்பார். இன்றைக்குப் பட்டியலில் நான்காம் இடத்துக்குப் பதில் மூன்றாம் இடம். நீண்ட கணக்கில் பார்த்தால் வித்தியாசம் ஒரு வரிசைதான்.

அந்த ஒரு வரிசை அவருக்கு உரியது என்பதுதான் விஷயம். அதனால்தான் 75 வருஷம் தாண்டியும் இந்தக் கேள்வி போகவில்லை. புனேயில் வேலை பார்ப்பவரா நீங்கள்? ஒரு நாள் கேம்ப் பக்கம் போனால் பூனா கிளப் மைதானத்தைப் பாருங்கள். இந்திய முதல்தர கிரிக்கெட்டில் இதுவரை எடுக்கப்பட்ட மிகப் பெரிய தனிநபர் ஸ்கோர் அங்கேதான் எடுக்கப்பட்டது. நாட் அவுட்டாக.